கோபச் சேலை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அந்தக் காலம் முடிந்து இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் முன்னொரு காலத்தில் என்று ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வருகிறது.

அந்த ராஜாவுக்குக் குளத்து நடுவில் ஒரு மண்டபம் கட்ட ஆசை. கட்டினார், முங்கியது. மறுபடியும் கட்டினார், மறுபடியும் முங்கியது. மூன்றாவது மண்டபம் நின்றுவிட்டது; கஜானா முங்கிவிட்டது.

அப்போது பிரதானி ஒரு யோசனை சொன்னார். பிரதானி என்றால் முதல் மந்திரி. உலகங்காத்தார் என்று பெயர். கடற்கரையில் உப்பளங்களுக்கெல்லாம் சொந்தக்காரரான ஒரு தலைவர் இருக்கிறார், அவருக்கு இருபத்து நான்கு வயதில் கல்யாணமாகாத மகள் இருக்கிறாள், எண்பது வண்டிச் சீர் தருவார் என்றார். ராஜா பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. “ஒற்றை மாட்டு வண்டியா, இரட்டை மாட்டு வண்டியா?” என்று கேட்டாராம்.

பெண்ணின் பெயர் குழல்வாய்மொழி நாச்சியார். என் பெயர் வெயிலுகந்தாள். பதினேழு வயது. நாச்சியார் வீட்டுக் கல்யாணங்களில் எங்கள் தெருப் பெண்கள்தான் பாட வேண்டும். அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் என்னைச் சீர்வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

எங்கள் கடற்கரையில் கல்யாணத்தின் நாலாம் நாள் ஏசல் பாடுவோம். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைக் கண்டபடி கேலி செய்து பாடலாம். யாரும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அந்தப் பாட்டு அவருடையது என்று அர்த்தம். குத்தினால்தானே வலிக்கும்! அப்படிக் கோபப்பட்டவர் பாடினவளுக்குச் சேலை எடுத்துத் தர வேண்டும். அடுத்த முறை பாடும்போது அவள் அதை உடுத்திக்கொண்டு வர வேண்டும். ‘இது யார் வீட்டுக் கோபம்?’ என்று சபையில் கேட்பார்கள். அவள் பெயரைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அம்மாவிடம் நாலு கோபச் சேலை இருக்கிறது. எனக்கு ஒன்றுகூட இல்லை என்று அப்போது வருத்தமாக இருந்தது.

நாலாம் நாள் சபை கூடியது. ராஜாவும் நாச்சியாரும் மணவறையில் இருந்தார்கள். நான் இதைத்தான் பாடினேன்:

*எம்பது வண்டிச் சீரு வந்துச்சு – அதை*
*எண்ணி எண்ணி விரல் தேஞ்சு போச்சு;*
*பொன்னை நிறுத்து வாங்கியாச்சு – நல்ல*
*பொருத்தம் பாக்க மறந்தாச்சு!*

*மாலை மாத்துன கழுத்து ரெண்டு – அதுல*
*மணவறையில ஒண்ணு மெய்யா நிக்கும்;*
*இன்னொரு கழுத்து இங்க இருந்தும் – கண்ணு*
*குளத்துக்கு அந்தக் கரையில் நிக்கும்!*

*பட்டு மெத்தை போட்டு வச்சோம் – அதுல*
*பாதி மெத்தை ஆறிக் கெடக்கு;*
*கட்டுன ஒறவு கட்டுல இருக்கு – மனசு*
*கட்டாத வீட்டுல குந்திக் கெடக்கு!*

எங்கள் ஊரில் இதற்குக் கூரை அதிரச் சிரிப்பார்கள். இங்கே ஒரு சத்தமும் இல்லை. தூணோரம் உட்கார்ந்து மடியிலிருந்த பொரியைத் தின்றுகொண்டிருந்த ஒல்லி மனிதர் ஒருவருக்கு மட்டும் புரையேறி இருமல் வந்தது. அவர்தான் அரண்மனை விகடர் திருவாழி. ராஜாவின் உதடு மட்டும் கொஞ்சம் அகன்றது.

குளத்தின் அக்கரையில் என்ன இருக்கிறது என்று பாடி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பாத்திரம் தேய்க்கிறவள் காதோடு சொன்னாள். பச்சை ஜன்னல் வைத்த ஒரு வீடு. அதில் ஒரு பெண். ஆறு வருஷமாக ராஜா ‘வேட்டைக்கு’ப் போகிற இடம் அதுதான். அரண்மனை முழுக்கத் தெரியும். எண்பது வண்டியோடு வந்த எங்களுக்குத்தான் தெரியாது.

சத்தியமாக எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் ஏதாவது ஒரு இடம் சொல்ல வேண்டியிருந்தது. நிமிர்ந்தேன். எதிரே குளம் இருந்தது.

ஒரு வாரம் கழித்துச் சபையிலிருந்து ஆள் வந்தது.

அங்கே ஆஸ்தானப் புலவர் சிற்சபேசனார் கையில் சுவடியோடு நின்றார். என் பாட்டுக்கு அவர் உரை எழுதியிருந்தார். பாட்டு பன்னிரண்டு அடி, உரை நாற்பது ஏடு.

“மன்னர் மன்னா! ‘பொன்னை நிறுத்து வாங்கியாச்சு’ என்கிறாள். பொன் என்பது தங்கள் மகுடம். ஆகவே பொன்னுக்கு ஆசைப்பட்டு மணந்தவர் நாச்சியாரே என்பது தெளிவு. ‘குளத்துக்கு அந்தக் கரை’ என்கிறாள். அக்கரையில் இருப்பது நமது குதிரை லாயம். அங்கே இளம் வீரர்கள் பலர் இருக்கிறார்கள். இதற்கு மேல் விளக்க என் நா கூசுகிறது.”

அக்கரையில் குதிரை லாயமும் இருந்தது. பச்சை ஜன்னல் வீட்டுக்கு அடுத்தது. இந்த நாட்டில் பாட்டுக்கு உரை எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டில் யாராவது வழி தவறினால் அது பெண்தான். வேறு மாதிரி யோசிக்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெண் வீட்டார் சொந்தப் பெண்ணை ஏசலில் பாடவே மாட்டார்கள் என்பதுகூடப் புலவருக்குத் தெரியவில்லை.

தூணோரத்திலிருந்து குரல் வந்தது.

“புலவரே, எம்பது வண்டின்னு பாட்டுல வருதே, அதுக்கு என்ன உரை?”

“அது அலங்காரம்.”

“எம்பது வண்டியும் அலங்காரமா? அப்ப ஒரு வாரமா அந்த மாடெல்லாம் தின்ன வைக்கோலும் அலங்காரம்தானா?”

யாரும் சிரிக்கவில்லை. புலவருக்குக் காது சிவந்தது. அவருக்கும் விகடருக்கும் பழைய பகை. முதல் மண்டபத்தைப் பாராட்டிப் புலவர் நூறு பாட்டுப் பாடி முடித்த மறுநாள்தான் அது முங்கியது. “கல்லு கனத்துல முங்கல, புலவர் பாட்டு கனத்துலதான் முங்கிச்சு” என்று விகடர் சொல்லியிருக்கிறார்.

பிரதானி எழுந்தார். மெல்லிய குரல் அவருக்கு. அதுதான் பயமாக இருக்கும்.

“மன்னா, இரு நாட்டு ஒப்பந்தம் தங்களுக்கு நினைவிருக்கும். மணமகள் மீது குற்றம் இருந்தால் அவள் ஒற்றை மாட்டு வண்டியில் ஊர் திரும்புவாள், சீர் திரும்பாது. மணமகன் மீது குற்றம் என்று யாராவது சொன்னால்...” இங்கே அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “சொல்ல மாட்டார்கள். சொன்னால் எண்பது வண்டியும் திரும்ப வேண்டும். விகடருக்கு உரை பிடிக்கவில்லை போலிருக்கிறது. அவரே பொருள் சொல்லட்டுமே.”

ராஜாவுக்கு அது பிடித்துப் போயிற்று. தொடையைத் தட்டினார்.

“நல்ல யோசனை! விகடரே, இந்தப் பாட்டு யாருடையது என்று வெள்ளிக்கிழமை சபையில் நீர் சொல்ல வேண்டும். நாச்சியாருடையது என்றால் அவள் ஊர் திரும்புவாள். என்னுடையது என்றால் பாடியவள் நாக்கும் உமது நாக்கும் போகும். யாருடையதும் இல்லை என்றால் அதைச் சபை ஒப்புக்கொள்ளும்படி நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் உமது தலை.”

“மூணு வாசல் வச்சு மூணையும் பூட்டிட்டிய மன்னா. வேலைப்பாடு நல்லாருக்கு” என்றார் விகடர்.

நான் என் நாக்கை வாய்க்குள் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பிரதானி என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தார். ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பேசினார்.

“பயப்படாதே, குழந்தே. நாக்கு அறுக்கிறவன் கை சுத்தமானவன். ஒரே இழுப்பு. ஆனால் உன்னைப் போன்ற பாட்டுக்காரிக்கு நாக்கு இருந்தால் நல்லது. பாட்டு நாச்சியாரைப் பற்றியது என்று ஓலை எழுதி வைத்திருக்கிறேன். கட்டை விரலை வை. போதும். ஊருக்குப் போய் அம்மாவிடம் படுத்துக்கொள்.”

நான் வைத்தேன்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அடித்து வாங்கவில்லை, யாரும் கையைப் பிடிக்கவில்லை. நானேதான் மையில் விரலைத் தோய்த்து, அழுத்தி, சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்தும் வைத்தேன். நாச்சியார் வீட்டில் நான் எத்தனை வேளை சாப்பிட்டிருக்கிறேன் என்று எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. நாக்கு ஒன்றுதான் ஞாபகம் இருந்தது.

மறுநாள் விகடர் வந்தார். தோளில் பட்டுச் சால்வை, காலில் செருப்பு இல்லை. நான் சால்வையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

“என்னத்த பாக்க? ராஜா சிரிக்கிற தடவையெல்லாம் ஒண்ணு போத்துவாரு. வீட்ல முப்பத்தேழு கெடக்கு. போத்திக்கிட்டுத்தான் பட்டினி கெடக்கோம். உக்காருட்டி. ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. பாட்டுல கொளம் எப்படி வந்துச்சு?”

“எதிர்ல கெடந்துச்சு, ஐயா.”

“எதிர்ல கெடந்துச்சா?”

“ஆமா. அந்த எடத்துல ஒரு எடம் வேணும்லா. வேற ஒண்ணும் வாய்ல வரல.”

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் நிறுத்தவில்லை. சிரிப்பா அழுகையா என்று தெரியாத அளவுக்கு ஆகிவிட்டது.

“ஆறு வருசமா ஒரு நாடே வாயப் பொத்திக்கிட்டு இருக்கு. நீ குருட்டாம்போக்குல ஒரு கல்ல விட்டே, அது நேராப் போயி பச்ச ஜன்னல்ல விழுந்துட்டு! சரி, ஒங்க ஊர்ல ஏசலுக்குக் கோபப்பட்டா என்ன செய்வாக?”

சேலை வழக்கத்தைச் சொன்னேன். அவர் பொரி மெல்லுவதை நிறுத்தினார்.

“கோபப்பட்டவனுக்குத்தான் பாட்டு சொந்தமா? சிரிச்சவனுக்குச் சொந்தமில்லையா?”

“சிரிச்சவுகளுக்குச் சொந்தமில்ல.”

“சீரோட வந்திருக்குற நாச்சியாரோட தாய்மாமன் இந்த வழக்கத்தச் சபையில சொல்லுவாரா?”

“எங்க ஊர்ல பிள்ளைகளுக்கும் தெரியும்யா.”

“அப்பச் சரி. இன்னும் ஏதாச்சும் இருக்கா? நான் தெரிஞ்சுக்கிட வேண்டியது?”

அப்போது கைநாட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். விரலில் மை இன்னும் போகவில்லை. கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

“ஒண்ணுமில்லய்யா” என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. சபையில் இடது பக்கம் ஒரு திரை. அதற்குப் பின்னால் நாச்சியார். வலது பக்கம் அவருடைய தாய்மாமன், உப்பில் வெளுத்த மீசையோடு. விகடர் ஒரு தாம்பாளத்தில் புதுச் சேலை ஒன்றை வைத்துத் தலையில் சுமந்துகொண்டு வந்தார்.

“என்ன விகடரே, ஜவுளி வியாபாரமா?” என்றார் புலவர்.

“ஆமா புலவரே. அளவு பாக்க வந்திருக்கேன். மன்னா, இந்தப் பாட்டு யாருதுன்னு கேட்டிய. பாட்டுங்கிறது துணி மாதிரி. விரிச்சு வச்சு உரை எழுதினா யாருக்கும் போட்டு விடலாம். யாருக்கு அளவா இருக்குன்னு உடுத்திப் பாத்தாத்தானே தெரியும்?” பிறகு தாய்மாமனைப் பார்த்தார். “ஐயா, ஒங்க ஊர்ல பாட்டு யாருதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பிய?”

“இதென்ன கேள்வி? எவன் கோபப்படுதானோ அவனுது. சேல எடுத்துக் குடுக்கணும்” என்றார் தாய்மாமன்.

“மன்னா, பெண் வீட்டு வழக்கப்படிதான் கல்யாணம்னு நீங்களே ஒப்பந்தத்துல முத்திரை போட்டிருக்கிய. நாலாம் நாள் ஏசலும் அதுல சேர்த்தி. அப்ப அந்த ஏசலுக்குத் தீர்ப்பும் அந்த வழக்கப்படிதான்.”

ராஜா தலையை அசைத்தார். வேறு வழியில்லை; தாய்மாமன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாடுட்டி” என்றார் விகடர்.

பாடினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் பாடி முடித்ததும் விகடர் தாம்பாளத்தோடு புலவர் முன்னால் போய் நின்றார்.

“புலவரே, நாப்பது ஏடு எழுதினிய. கோபமில்லாம எழுத முடியுமா? சேலைய எடுத்துக் குடுங்க. பாட்டு ஒங்க வீட்டுதுன்னு எழுதிக்கிடுதோம். ஒங்க வீடும் குளத்துப் பக்கம்தானே?”

“நான் கோபப்பட்டது மன்னருக்காக!”

“மன்னருக்காகவா? அப்பப் பாட்டு மன்னருதா?”

புலவர் திரும்பி ராஜாவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். “ஹ ஹ! எனக்கு என்ன கோபம்? நல்ல பாட்டு. மிகவும் வேடிக்கையான பாட்டு!” தாடை நடுங்கச் சிரித்தார்.

தாம்பாளம் பிரதானி முன்னால் வந்தது. பிரதானி சிரிக்கவில்லை. மடியிலிருந்து ஓலையை எடுத்தார்.

“வழக்கம் எதற்கு, பாடியவளே சாட்சி சொல்லும்போது? ‘இப்பாட்டு நாச்சியாரின் ஒழுக்கக் கேட்டைக் கண்டு பாடியது’. இதோ இவள் கைநாட்டு.”

விகடர் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். வெறுமனே பார்த்தார். திரைக்குப் பின்னால் வளையல் ஒன்று நகர்ந்த சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

விகடர் ஓலையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

“கைநாட்டு இவளுது. எழுத்து யாருது, பிரதானியாரே?”

“என்னுடையது. அதனால் என்ன?”

“ஒண்ணுமில்ல. ஏசல் பாட்டைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போயி, மை கரைச்சு, ஓலை நறுக்கி, சின்னப் பிள்ளையக் கூப்பிட்டு விரல் வாங்குற அளவுக்கு ஒருத்தருக்குக் கோபம் வந்திருக்கு. புலவரு கோபமாவது வாயோட போச்சு. ஒங்க கோபம் ஓலை வரைக்கும் வந்திருக்கே! போன வருசந்தான் மூணாந்தாரமா ஒரு ஜமீன் வீட்டுச் சின்னப் பொண்ணக் கட்டினிய. சீரு நாப்பது வண்டின்னு கேள்வி. எடுங்க சேலைய.”

பிரதானியின் முகத்தில் ரத்தம் வற்றியது. சபையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் ஓலையை வாங்கினார். சிரித்துக்கொண்டே கிழித்தார். ஓலை லேசில் கிழியாது. நரம்பைப் பிடித்து முறுக்கி முறுக்கிக் கிழித்தார். அவ்வளவு நேரமும் சிரித்தார்.

“விளையாட்டுக்கு எழுதினேன்! ஏசலுக்கு யாராவது கோபப்படுவார்களா? ஹ ஹ ஹ!”

அதற்குப் பிறகு தாம்பாளம் போகிற இடமெல்லாம் சிரிப்புதான். தளபதி சிரித்தார். ஜோசியர் சிரித்தார். கணக்கர்கள் வரிசையாகச் சிரித்தார்கள். யாரும் அடுத்தவனை விடக் குறைவாகச் சிரிக்கத் துணியவில்லை.

“நாச்சியார் சிரிக்கவில்லையே!” என்று புலவர் கத்தினார்.

“ஏசலுக்குப் பொண்ணு சிரிக்கக் கூடாது. தலையக் குனிஞ்சுக்கிட்டு இருக்கணும்” என்றார் தாய்மாமன். “சொந்தப் பொண்ணை யாருங்க ஏசல்ல பாடுவா? படிச்ச மனுசன் கேக்குற கேள்வியா இது?”

திரையைத் தாண்டித் தாம்பாளம் போய்விட்டது. நாச்சியாரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியாக விகடர் ராஜா முன்னால் போய் நின்றார். தாம்பாளத்தை நீட்டினார். சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது.

“மன்னா, ஊரே சிரிச்சுட்டு. பாக்கி ஒருத்தர்தான்” என்றார் மெதுவாக.

ராஜாவின் கை சிங்காசனத்துப் பிடியை இறுக்கியது. அந்தக் கை என் நாக்குக்கு வருமா, சேலைக்கு வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மாமன் மீசையைத் தடவினார். அவர் உதடு எண்பது என்று எண்ணியது போலிருந்தது.

ராஜா சிரித்தார்.

முதலில் பல் மட்டும் தெரிந்தது. கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வந்தது. சத்தம் வந்த பிறகும் கண் வரவில்லை. ஆனால் சிரிப்பு சிரிப்புதானே! சபை முழுவதும் சேர்ந்து சிரித்தது.

“பாட்டு யாருடையதும் இல்லை!” என்றார் ராஜா. “விகடரே, மூன்று பூட்டையும் திறந்துவிட்டீர்!” விகடருக்கு ஒரு சால்வை போர்த்தினார். முப்பத்தெட்டாவது.

பிறகு என்னைப் பார்த்தார். “இவ்வளவு வேடிக்கையான பாட்டை ஒரு தடவை கேட்டால் போதுமா? இவள் இங்கேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமைதோறும் சபையில் இதையே பாடட்டும். எனக்குக் கோபமே இல்லை என்று ஊருக்குத் தெரியட்டும்.”

என் நாக்கு தப்பியது. நான் தப்பவில்லை. வெளியே வரும்போது விகடர் பக்கத்தில் வந்தார். ஓலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

“ஒன் வயசுல நானும் வச்சிருப்பேன்” என்றார். “இப்பவும் வச்சிருப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆறு வெள்ளிக்கிழமை பாடினேன். ஆறு வெள்ளியும் சிரித்தார்கள். திரைக்குப் பின்னால் நாச்சியார் உட்கார்ந்திருப்பார். அதே சாயங்காலம் ராஜா வேட்டைக்குப் போவார். படகு போவதை நாச்சியாரின் மாடத்திலிருந்து பார்க்கலாம். பார்க்காமல் இருக்க முடியாதபடி அந்த மாடத்தைக் கட்டியிருந்தார்கள்.

ஏழாவது வெள்ளி காலையில் நாச்சியார் கூப்பிட்டார். மடியில் அவருடைய கூறைச் சேலை இருந்தது. அரக்குச் சிவப்பு, கல்யாணத்தில் எல்லோரும் பார்த்தது. அதை என் கையில் வைத்தார்.

“ஏசலுக்குக் கோபப்பட்டா சேல குடுக்கணும்லா, வெயிலு. இன்னைக்கு இத உடுத்திக்கிட்டுப் பாடு.”

சேலையைத் திருப்பி நீட்டினேன்.

“அக்கா, இத உடுத்துனா பாட்டு ஒங்களுதுன்னு ஆயிரும். வழி தவறுனவ நீங்கதான்னு ஆயிரும். ஒத்த மாட்டு வண்டியில அனுப்பிருவாக. சீரு ஒரு வண்டிகூடத் திரும்பாது!”

“வண்டி திரும்ப வேண்டாம்ளா. நான் திரும்பினாப் போதும்.”

“பொய்க்கா பழி ஏக்கணும்?”

“அவரு பொன்னுக்குக் கட்டுனாரு. எங்கப்பா பட்டத்துக்குக் கட்டிக் குடுத்தாரு. அன்னைக்கு அந்தத் தாம்பாளத்த எல்லார் மூஞ்சிக்கும் நேரா நீட்டுனாக, எனக்கு ஒரு ஆளும் நீட்டலயே. எனக்குக் கோபமான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா.” சேலையின் ஓரத்தை நீவிவிட்டார். “அதுவும் போக, நீ கைநாட்டு வச்சுக் குடுத்தியே. அது ஏன் பொய்யாப் போகணும்?”

குரலில் ஒன்றும் இல்லை. உப்புப் போதுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் அவர் காலைப் பிடித்தேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, என்னைத் தூக்கவும் இல்லை.

உடுத்திக்கொண்டு போனேன். நாச்சியார் என்னைவிட உயரம். கொசுவம் தரையில் புரண்டது. சபையில் முதலில் பார்த்தது விகடர்தான். மெல்லுவதை நிறுத்தினார். வழக்கப்படி யாராவது கேட்க வேண்டும். அவர் கேட்கவில்லை. கேட்டது பிரதானி.

“அந்தச் சேலை... யார் வீட்டுக் கோபம்?”

விகடர் இருக்கிற இடத்திலிருந்து தலையை மெல்ல ஆட்டினார். வேறு யார் பெயரையாவது சொல்லிவிடு என்று அர்த்தம். நான் திரையைப் பார்த்தேன். இந்த முறை பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

“நாச்சியாரோட கோபம்” என்றேன்.

திரை விலகியது. நாச்சியார் தலையைக் குனியாமல் நின்றார். “ஆமா. பாட்டு என்னுதுதான்” என்றார்.

லாயத்தில் யார் அந்த ஆள் என்று ராஜா கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்ல ஒரு பெயரும் கிடையாது. அவர் நாச்சியாரைப் பார்த்தார், தாய்மாமனைப் பார்த்தார், முற்றத்து நிழலில் நின்ற எண்பது வண்டிகளை ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

அப்போது ராஜா சிரித்தார். இந்த முறை கண்ணும் சேர்ந்து சிரித்தது. வயிறு குலுங்கிற்று; மகுடத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“விகடரே! உமது சேலைத் தந்திரம் அல்லவா இதைக் கண்டுபிடித்தது! என்ன புத்தி! என்ன புத்தி!” என்று சொல்லி முப்பத்தொன்பதாவது சால்வையைப் போர்த்தினார். இது ஜரிகை அதிகம் வைத்தது.

விகடர் நன்றி சொல்லவில்லை. அது தோளிலிருந்து நழுவியபோது எடுத்துப் போட்டுக்கொள்ளவும் இல்லை.

மத்தியானம் வண்டி வந்தது. ஒற்றை மாடு. கூண்டு இல்லை, வைக்கோல்கூட விரிக்காத பலகை. நாச்சியார் வெறும் கழுத்தோடு ஏறினார். தாய்மாமன் மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார், யாரையும் பார்க்கவில்லை. விகடர் எங்கிருந்தோ ஓடி வந்து, கையில் அள்ளி வந்த சால்வைகளைப் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தார். எத்தனை என்று நான் எண்ணவில்லை.

“கல்லும் குழியுமா இருக்கும், தாயி” என்றார். “நான் தெறந்தது தப்பான பூட்டு.”

“தெறந்தியல்லா. அது போதும்” என்றார் நாச்சியார்.

என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி குளத்தங்கரை திரும்பும்போது, பச்சை ஜன்னலுக்கு நேராக வந்ததும், அவர் சத்தமாகச் சிரித்தது இங்கே வரைக்கும் கேட்டது. நாச்சியார் சிரித்து அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

ராஜா சிரித்தார், விகடருக்குப் பரிசு கொடுத்தார். இந்த மாதிரிக் கதை எல்லாம் அத்தோடு முடிந்துவிடும், கேட்டவர்கள் எழுந்து போய்விடுவார்கள். நான் எழுந்து போக முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் பாட வேண்டும். புலவர் உரையில் திருத்தம் ஒன்றும் செய்யவில்லை, செய்யத் தேவைப்படவில்லை. நாலாவது மண்டபத்துக்குக் கல் வந்து இறங்கிவிட்டது.

கூறைச் சேலை என் பெட்டியில் அடியில் இருக்கிறது. அந்தக் கோபம் பாட்டின் மேலா, என் கைநாட்டின் மேலா என்று நான் கேட்டிருக்க வேண்டும். அம்மாவிடம் நாலு இருக்கிறது; என்னிடம் இந்த ஒன்றுதான். இன்னொன்று கிடைக்காது. இந்த அரண்மனையில் வேறு யாருக்கும் கோபமே வருவதில்லை.